அந்த 50 ரூபாய்

கேள்வி: எனக்கு 47 வயது, ஐ.டி. வேலை. மாதம் ஒருமுறை மாலில் இருக்கும் சலூனுக்குப் போவேன். பில் 600 ரூபாய், முடிவெட்டும் பையனுக்குத் தனியாக 100 கொடுப்பேன். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கும் என் அப்பாவுக்குத் தெருமுனை சலூன்காரர் வீட்டுக்கே வந்து முடிவெட்டி ஷேவ் செய்கிறார். மனைவிதான் போன் செய்து வரச் சொல்வாள். எனக்கு அந்த நேரத்தில் மீட்டிங் இருக்கும், என் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அவரே அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, வேலை முடிந்ததும் உடம்பைத் துடைத்து பனியன் மாற்றிவிட்டுப் போவார். 250 ரூபாய் கொடுக்கிறோம். போன தடவை "50 சேர்த்துக் குடுங்கம்மா" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார். "சாரைக் கேட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டாள். டிப்ஸ் என்பது நாமாக விரும்பிக் கொடுப்பதுதானே? அமெரிக்காவில் இருக்கும் என் தம்பியோ 20 சதவீதம் கொடுப்பதுதான் முறை என்கிறான். யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: தம்பி, இந்த டிப்ஸ் கேள்வி எனக்கு வராத மாதமே இல்லை. எல்லாருக்கும் ஒரு ரேட்டுப் பட்டியல் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன், பெரிய விஷயம் இல்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "என் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்" என்று. அதை நான் விடுவதாக இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? பக்கவாதம் வந்த முகத்தில் ஷேவ் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு பக்கக் கன்னம் தொங்கிப்போயிருக்கும், விரலால் தோலை இழுத்துப் பிடித்தால்தான் பிளேடு ஓடும். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைந்திருந்தால் கீறினாலும் அப்பாவுக்குத் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சின்னக் கீறல்கூடச் சட்டென்று நிற்காது. தலை சாய்ந்துகொண்டே இருக்கும், அதைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு ஒரு கையால் கத்தியைப் பிடிக்க வேண்டும். துண்டை எவ்வளவு இறுக்கிச் சுற்றினாலும் வெட்டிய முடி முதுகுக்குள் இறங்கிவிடும், படுத்தே கிடக்கிறவருக்கு அது உறுத்தினால் கையை எடுத்துச் சொறியக்கூட முடியாது. அதற்காகத்தான் அந்த மனிதர் உடம்பைத் துடைத்து பனியனை மாற்றிவிட்டுப் போகிறார். செய் என்று யாரும் சொல்லவில்லை, 250 ரூபாயில் அது சேரவும் இல்லை.

அது யார் செய்ய வேண்டிய வேலை? மகன் செய்ய வேண்டிய வேலை. கோபம் வந்தால் வரட்டும். மருந்து, நல்ல கட்டில், வீல்சேர் என்று எதிலும் குறை வைக்காத மகன்களை நிறையப் பார்த்துவிட்டேன், அப்பாவின் உடம்பைத் தொட்டுத் தூக்கச் சொன்னால் மட்டும் அவர்களுக்கு ஒரு போன் வந்துவிடும். உங்களுக்கு மீட்டிங் நிஜமாகவே இருக்கலாம். இரண்டு வருடமாக ஒவ்வொரு தடவையும் சலூன்காரர் வருகிற நேரத்துக்கே இருந்தது என்றால் என்னால் நம்ப முடியவில்லை. அப்பாவின் முதுகில் புண் ஏதாவது வந்திருக்கிறதா என்று இப்போது கேட்டால் உங்களுக்குப் பதில் தெரியுமா? சலூன்காரருக்குத் தெரிந்திருக்கும்.

அவர் கேட்டது டிப்ஸ் இல்லை, கூலி. உங்கள் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவருடைய கடை நாற்காலி காலியாகக் கிடக்கிறது, வந்த வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். படுக்கையில் இருப்பவரைத் துடைத்து உடை மாற்ற ஆள் அனுப்பும் ஏஜென்சி எதற்காவது போன் செய்து ஒரு ஷிப்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள், அப்புறம் 50 ரூபாயைப் பற்றிப் பேசுவோம். நம் ஊர்களில் முடிதிருத்தும் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கூலி என்று ஒன்று பேசப்பட்டதே கிடையாது. அறுவடையின்போது களத்தில் அளந்து போடுகிற நெல், நல்லநாளில் வாசலில் நின்று வாங்குகிற வேட்டி, பலகாரம், அவ்வளவுதான். எவ்வளவு என்பதைக் கொடுக்கிறவர் முடிவுசெய்வார், வாங்குகிறவர் வாய் திறக்கக்கூடாது. "நாமாக விரும்பிக் கொடுப்பதுதானே" என்று நீங்கள் எழுதியிருப்பதில் அந்தப் பழைய திண்ணை இன்னும் அப்படியே இருக்கிறது. இவர் வாய்விட்டு இவ்வளவு வேண்டும் என்று கேட்டாரே, எனக்கு அதில் சந்தோஷம்தான்.

உங்கள் தம்பி சொல்லும் 20 சதவீதத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கே டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதியை டிப்ஸ் ஈடுகட்டினால் சரி என்று மத்திய அரசுச் சட்டமே சொல்கிறது. 1991-லிருந்து அந்தத் தொகை ஏறவில்லை, பல மாநிலங்கள்தான் தாங்களாகக் கூட்டிவைத்திருக்கின்றன. முதலாளி கொடுக்க வேண்டிய சம்பளத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுகிற ஏற்பாடு அது.

சரி, நீங்கள் கேட்ட பட்டியல். மால் சலூனில் 100 கொடுப்பதை நிறுத்தாதீர்கள், ஆனால் கவுன்டரில் ஸ்கேன் செய்யாமல் அந்தப் பையன் கையில் கொடுங்கள், கவுன்டர் கியூஆர் முதலாளியின் கணக்குக்குப் போகும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது, அந்தப் பையனுக்கு ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மேனேஜரிடம் கேளுங்கள். உங்களைப் போல 600 ரூபாய் கட்டுகிறவர் கேட்டால் அவர்கள் காதில் விழும்.

ஓட்டலில் சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அப்படிச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. எடுத்த பணத்தைப் பர்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், பரிமாறியவரிடம் கொடுங்கள். கேஸ் சிலிண்டருக்கு வீடு வந்து சேர்க்கும் செலவும் பில்லிலேயே அடக்கம்தான். ஆனாலும் லிப்ட் இல்லாத மாடிக்குத் தோளில் சுமந்து ஏறுகிறவருக்கும், கொட்டுகிற மழையில் சாப்பாடு கொண்டுவருகிறவருக்கும் சட்டம் பேசிக்கொண்டு நிற்காமல் கையில் 30, 50 கொடுப்பதுதான் வீட்டுக்கு மரியாதை.

அப்பாவின் சலூன்காரருக்கு 250, 300 என்று இழுக்காமல் தடவைக்கு 500 என்று நீங்களே சொல்லுங்கள். தீபாவளிக்குத் தனி. அடுத்த முறை அவர் வரும்போது லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே போய், அப்பாவின் தோளை எப்படிப் பிடிப்பது, வாதம் வந்த கையை எங்கே வைப்பது என்று அவரிடமே கேட்டுப் பழகுங்கள். துடைப்பதையும் பனியன் மாற்றுவதையும் அன்றைக்கு நீங்கள் செய்யுங்கள். அப்பாவுக்கு முதலில் கூச்சமாக இருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதற்காக வெளியே வந்துவிடாதீர்கள். சலூன்காரர் நம்பரை மனைவியிடம் வாங்கி இன்று சாயங்காலமே நீங்கள் கூப்பிட்டுப் பேசுங்கள், நிறுத்திவைத்த 50 ரூபாயையும் அனுப்பிவிடுங்கள்.