எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை

கேள்வி:
வணக்கம் அம்மா. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கணக்கு, கடித வேலை பார்க்கும் கிராணியாக இருக்கிறேன். வயது 34. சம்பளக் கணக்குக்கு எக்செல், ஈப்போவில் வழி தெரிய வேஸ், மலாய்க் கடிதத்துக்கு சாட்ஜிபிடி என்றே பழகிவிட்டது. போன மாதம் ஒரு நாள் லைன் இல்லை. லாரி வாடகை பற்றி மில்லுக்குச் சின்னதாகக் கடிதம் எழுதச் சொன்னார் மேனேஜர். ‘மெருஜுக் பெர்காரா டி அத்தாஸ்’ (மேற்கண்ட விஷயம் தொடர்பாக) வரை எழுதினேன். அதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வில் மலாய்மொழியில் நன்றாகத் தேறியவள் நான். அப்பாவும் இதே தோட்டத்துக் கிராணிதான். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு யார் வரவில்லை என்று புத்தகம் பார்க்காமலே சொல்வார். எனக்கு மூளை மழுங்குகிறதா? ராத்திரி தூக்கமே இல்லை. மகளும் வீட்டுப்பாடத்துக்கு என் போனைக் கேட்கிறாள்.
– ஒரு வாசகி

பதில்:
அன்புச் சகோதரி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். பழக்கம் விட்டுப்போனால் எந்தத் திறமையும் இப்படித்தான் மக்கர் பண்ணும். மேனேஜர் காத்திருக்கும் பதற்றத்திலும் சொல் வராது. தெரிந்த வழி, தெரிந்தவர் பெயர் எல்லாம் மறக்க ஆரம்பித்தால் மட்டும் கிளினிக்கில் காட்டுங்கள்.

ஆனாலும் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நாம் கொடுக்கும் வேலையைப் பொறுத்து மூளை மாறும். லண்டன் டாக்சி உரிமம் வாங்க ஏறத்தாழ 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிய வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகள் பிடிக்கும். அப்படிப் பயின்றவர்களின் மூளையை வூலெட், மக்வாயர் என்ற இருவர் படமெடுத்துப் பார்த்து 2011-இல் ஆய்வு வெளியிட்டார்கள். தேறியவர்களுக்கு இடநினைவைக் கவனிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பக்கம் வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை. எல்லோரும் வயது வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். வேலை கொடுத்தால் மூளை இந்த வயதிலும் மாறும். உங்கள் அப்பாவுக்கும் அது பிறவி ஞானம் இல்லை, தினமும் விடியுமுன் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த ஞாபகம்.

எக்செல்லை விடச் சொல்ல மாட்டேன். சம்பளத்தில் பத்து ரிங்கிட் பிசகினால் நஷ்டம் குலை வெட்டும் தொழிலாளிக்கு. கணக்கை மெஷினே போடட்டும். கடிதம் வேறு. யாரிடம் எதைக் கேட்பது, எவ்வளவு பணிவாகக் கேட்பது, எதை முதலில் சொல்வது என்று யோசிப்பதுதான் அங்கே வேலையே. இனிமேல் முதலில் நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள், தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, எதை மாற்றியது, ஏன் மாற்றியது என்று வரி வரியாகப் பாருங்கள். பிடிக்காத மாற்றத்தை ஏற்க வேண்டாம்.

மகள் விஷயத்திலும் இதே வரிசைதான். ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனை செய்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் நன்றாகவே சொன்னார்கள். ஒரு வாரம் போனபின், பாடத்தைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. அதனால் போனைக் கொடுங்கள், அவள் தன் விடையை நோட்டில் எழுதி முடித்த பிறகு.

அவசரக் கடிதத்தில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் அடுத்த லீவு விண்ணப்பம் போதும்.