செஞ்சிக்குப் போகும் முன் கேட்டவையும் என் பதில்களும்

வர்ற ஞாயிறு தண்டையார்பேட்டையிலிருந்து வேன் கிளம்புகிறது. வருகிறவர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, கோட்டையைக் கட்டினது தேசிங்கு ராஜாதானே? (கொருக்குப்பேட்டை)

இல்லை தம்பி. தெருக்கூத்தில் பார்த்துப் பார்த்து நமக்கு அப்படி மனதில் பதிந்துவிட்டது. கோனார் மரபினர் முதலில் அரண் எழுப்பினார்கள், நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள். அப்புறம் பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர் என்று கை மாறியது. தேசிங்கு என்கிற தேஜ் சிங் ஆண்டது சில மாதங்கள்தான். ஆற்காட்டு நவாபுக்கு அடங்க மறுத்து 1714 அக்டோபரில் போரில் விழுந்தார். கட்டியவர்களை மறந்த ஊர், சின்ன வயதில் செத்த அவரை மறக்கவில்லை.

எட்டு வருஷம் முற்றுகை நடந்ததாமே சார், நம்பலாமா? (வியாசர்பாடி)

நம்பலாம். சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் வளைத்தார், கோட்டை விழுந்தது 1698இல். மூன்று மலைகளையும் ஒரே மதிலால் இணைத்திருக்கிறார்கள். ஒன்றைப் பிடித்தாலும் மற்ற இரண்டும் நிற்கும். ராஜகிரி உச்சிக்கு முன்னால் ஒரு பெரிய பிளவு இருக்கிறது, பாலத்தை எடுத்துவிட்டால் ஆள் ஏற முடியாது. அந்த இடத்தில் நின்று கீழே பாருங்கள், எட்டு வருஷம் ஏன் என்று புரிந்துவிடும். ராஜாராம் கடைசியில் தப்பிவிட்டார்.

நம்ம ஏரியாவுக்கும் செஞ்சிக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (தண்டையார்பேட்டை)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் அக்கா. முற்றுகை நடந்துகொண்டிருந்த 1693இல்தான் தண்டையார்பேட்டை, புரசைவாக்கம், எழும்பூர் மூன்றும் முகலாயர் தரப்பிலிருந்து கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தன. சுல்பிகார் கானுக்குப் பின் வந்த தாவூத் கான் 1708இல் திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு, நுங்கம்பாக்கம் ஐந்தையும் கொடுத்தார். செஞ்சியைப் பிடிக்க வந்தவர்களின் கைவழியாகத்தான் வடசென்னை பட்டணத்தோடு சேர்ந்தது.

இப்போ ஏன் பாழாக் கிடக்குது? (காசிமேடு)

முகலாயர் தலைமையிடத்தை ஆற்காட்டுக்கு மாற்றினார்கள். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், பிறகு யாருக்கும் அது தேவைப்படவில்லை. வேங்கடரமணர் கோயில் தூண்கள் சில புதுச்சேரிக்கே போய்விட்டன. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்திருக்கிறது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அம்மாவுக்கு முட்டிவலி, கூட்டி வரலாமா? (ராயபுரம்)

தாராளமாக. ராஜகிரி சுமார் 800 அடி, படி செங்குத்து, அதை விட்டுவிடுங்கள். கல்யாண மகாலும் களஞ்சியமும் அடிவாரத்திலேயே இருக்கின்றன. அம்மாவோடு நான் கீழேயே இருக்கிறேன், நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள்.