தேக்காவில் மீன் வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: சிங்கப்பூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்க வந்திருக்கிறேன். பேரங்காடியில் பிளாஸ்டிக் சுற்றிய மீனை வாங்க மனம் வரவில்லை. தேக்கா சந்தைக்குப் போகச் சொல்கிறார்கள். எப்போது போகலாம்? பேரம் பேசலாமா? எடையில் ஏமாற்றிவிடுவார்களோ?
– வாசகி, திருச்சி

பதில்: அவசியம் போங்கள். 1915-இல் கண்டாங் கெர்பாவ் என்ற பெயரில் தொடங்கிய சந்தை அது. மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள். அந்த வட்டாரத்தில் அப்போது மாட்டுத் தொழுவங்கள் இருந்தன. அருகிலேயே இப்போதுள்ள கட்டடத்துக்கு 1982-இல் மாறியது. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது.

காலை 8 மணிக்குள் போய்விடுங்கள். மதியத்துக்குள் ஈரச் சந்தையில் (மீன், இறைச்சி, காய்கறி விற்கும் பகுதி) பல கடைகளை எடுத்துக் கட்டிவிடுவார்கள். திங்கட்கிழமை வேண்டாம், பலருக்கு அன்று விடுமுறை.

மீனின் பெயர்தான் முதலில் குழப்பும். நம் வஞ்சிரம் அங்கே பாத்தாங் அல்லது தெங்கிரி, வவ்வால் பாவல். பெயர் வராவிட்டால் கையைக் காட்டிக் கேளுங்கள். தமிழில் விலை சொல்லும் சீனக் கடைக்காரர்களும் உண்டு. விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்பதை வெட்டச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெட்டிய பிறகு வேண்டாம் என்பது நியாயமில்லை. முழு மீனை எடை போட்ட பிறகுதான் சுத்தம் செய்வார்கள். தலை, குடலுக்கும் சேர்த்தே காசு போகும். வீட்டில் எடை குறைந்தால் அதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, அதில் சோதனை முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

பேரமா? ஒன்றிரண்டு வெள்ளிக்காக (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மல்லுக்கட்டாதீர்கள். நாலு கடை விலை கேட்டு, பிடித்த கடைக்கே மறுவாரமும் போங்கள். முகம் தெரிந்தவருக்கு நல்ல மீனை எடுத்துக் கொடுப்பார்கள். என் அனுபவத்தில் பேரத்தைவிட அதில்தான் லாபம்.

அப்புறம், அரைத்த மசாலா விற்கும் கடையைத் தவறவிடாதீர்கள். மீன் குழம்புக்கு, இத்தனை பேருக்கு, காரம் இவ்வளவு என்று சொன்னால் அளவாகக் கலந்து தருவார்கள்.

மீனை முதலில் வாங்கிச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு, காய்கறி, தேங்காய்ப்பூ, வாழையிலையெல்லாம் முடித்துத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் போவதானால் பையில் கொஞ்சம் ஐஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள்.