வாசகர் கேள்விகள்: கர்ப்பிணியின் பல்லை யார் பார்ப்பது?

கேள்வி: எங்கள் பல் மருத்துவக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கர்ப்பகால வாய்நலத்தை இரு பக்க மாணவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறோம். இரண்டு பொது வகுப்புகள் போதுமா? (ஆசிரியை, சேலம்)

பதில்: போதாது. அவரவர் கூட்டத்தோடு உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சிக்கல் பாடத்தில் இல்லை, நோயாளி கைமாறும் இடத்தில் இருக்கிறது. பல்வலியோடு வரும் கர்ப்பிணியைப் பல் மருத்துவர், ‘மகப்பேறு டாக்டரிடம் எழுதி வாங்கி வாங்க’ என்பார். அங்கே, ‘பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று எழுதிவிடுவார்கள். அதற்குள் சொத்தை சீழ் பிடித்திருக்கும்.

கர்ப்பிணிகள் பரிசோதனை நடக்கும் காலையில் (நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை) பக்கத்துக்கு ஒருவராக ஜோடி சேர்த்து உட்கார வையுங்கள். ஜோடிக்கு மூன்று கர்ப்பிணிகள் போதும். மருத்துவ மாணவர்தான் வாயைப் பார்க்க வேண்டும். கையுறை, டார்ச், பல் பார்க்கும் சிறு கண்ணாடி இருந்தால் ஆயிற்று. பல் மருத்துவ மாணவர் ரத்த அழுத்தம் பார்த்து, எத்தனையாவது வாரம் என்று கணக்கிடட்டும். பழகாத வேலையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கச் செய்யும்போதுதான் கேள்வி பிறக்கும். தலை, கண், காது, மூக்கு, தொண்டை என்று ஒப்பிக்கும் பரிசோதனை வரிசையில் நியூயார்க் பல்கலைக்கழகச் செவிலியர் கல்லூரி ‘வாய்’ என்பதையும் நுழைத்தது. தொண்டையைப் பார்க்க வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, வழியில் இருக்கும் பல்லைப் பார்க்காமல் விடுவது வேடிக்கைதான்.

பிறகு பல் நாற்காலிக்கு வாருங்கள். 20 வாரத்துக்கு மேல் மல்லாக்கப் படுக்க வைத்தால் கருப்பை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். வியர்த்து, தலைசுற்றி, ரத்த அழுத்தம் இறங்கும். வலது இடுப்புக்கு அடியில் சுமார் 10–15 செ.மீ. உயரத்துக்குத் தலையணை வைத்து உடலை இடப்பக்கம் சாய்த்துக் காட்டுங்கள். அப்படியும் மயக்கம் வந்தால் முழுவதுமாக இடப்பக்கம் திருப்ப வேண்டும்.

கடைசியாக, இருவரும் சேர்ந்து ஒரே பரிந்துரைக் கடிதம் எழுதட்டும். ‘பல் சிகிச்சைக்குத் தகுதியா?’ என்ற ஒற்றை வரிக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். எத்தனை வாரம், ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், ஒவ்வாமை, எந்தப் பல்லில் என்ன செய்யப்போகிறோம், எந்த ஊசி, எந்த மாத்திரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஐந்து மாதம் ஆகிறது. கடைவாய்ப் பல் வலி தாங்கவில்லை. எக்ஸ்ரே, மரத்துப்போகும் ஊசி எல்லாம் குழந்தையைப் பாதிக்குமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தேவைப்பட்டால் இரண்டும் செய்துகொள்ளலாம். பல் எக்ஸ்ரேயின் கதிர் வாயை நோக்கித்தான் விழும். கருவைச் சேரும் அளவு மிக மிகக் குறைவு. அட்ரினலின் கலந்த 2% லிக்னோகைன் ஊசி கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடுவதுதான்; மருந்து ரத்தக்குழாய்க்குள் போகாதபடி, ஊசிக்குழலின் தண்டைச் சற்றுப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துப் போட வேண்டும். பயப்பட வேண்டியது கடையில் நீங்களே வாங்கும் வலி மாத்திரைக்கு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகள் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். பாரசிட்டமால் போதும். கிருமிக்கொல்லி மாத்திரைகளில் டாக்சிசைக்ளின் வேண்டாம், அது குழந்தையின் பல்லில் கறையாக நிற்கும். அமாக்சிசிலின் தரலாம், பென்சிலின் ஒவ்வாமை இல்லையென்றால்.

கேள்வி: பல் சுத்தம் செய்தால் குறைப்பிரசவம் தடுக்கப்படும் என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா? (பயிற்சி மருத்துவர், மதுரை)

பதில்: சொல்லாதீர்கள். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் ஈறு நோயுள்ள 823 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 21 வாரத்துக்குள்ளும் மறுபாதிக்குப் பிரசவத்துக்குப் பிறகும் சிகிச்சை அளித்தார்கள். ஈறு தேறியது; குறைப்பிரசவம் குறையவில்லை. கர்ப்பத்தில் சிகிச்சை தந்ததால் தீங்கு கூடவும் இல்லை, மாணவர்கள் மனதில் பதிய வேண்டிய முடிவு அதுதான். ரத்தம் கசியும் ஈறைச் சரிசெய்ய அந்த ஈறே போதுமான காரணம்.

கேள்வி: மசக்கையில் வாந்தி எடுத்ததும் பல் துலக்கினால் நல்லதுதானே? (வாசகி, காரைக்குடி)

பதில்: உடனே வேண்டாம். வயிற்று அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும். பிரஷ் போட்டால் தேயும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்புங்கள். அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து மென்மையான பிரஷால் துலக்கலாம்.