இசை கேள்வி–பதில்: ‘ஸ்லாட்டர் ஆஃப் த சோல்’ உச்சமா, சறுக்கலா?

கேள்வி: ‘அட் த கேட்ஸ்’ குழுவின் ‘ஸ்லாட்டர் ஆஃப் த சோல்’ ஆல்பத்தை மெலடிக் டெத் மெட்டலின் (உறுமும் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட ‘டெத் மெட்டல்’ ராக் இசையில் மெட்டுகளைக் கலந்த வகை) உச்சம் என்று என் நண்பர்களில் சிலர் கொண்டாடுகிறார்கள். குழு தன் பழைய நுணுக்கத்தைக் கைவிட்ட ஆல்பம் அது என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். தாங்கள் எந்தப் பக்கம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கொண்டாடுபவர்களின் பக்கம்தான். எனினும் மற்றவர்களின் வருத்தத்துக்குத் தக்க காரணம் உண்டு. சுவீடனின் கோத்தன்பர்க் நகரிலிருந்து வந்த இக்குழு 1992-இல் வெளியிட்ட முதல் ஆல்பமான ‘த ரெட் இன் த ஸ்கை இஸ் அவர்ஸ்’, ஒரே பாட்டுக்குள் நடையைப் பலமுறை மாற்றி, நடுவே வயலினையும் ஒலிக்கவிட்டு, அடுத்து எங்கே திரும்பும் என்று கேட்பவரால் ஊகிக்க முடியாதபடி செல்வது. அந்தப் போக்கில் பெரும்பங்கு வகித்த கிட்டார் கலைஞர் ஆல்ஃப் ஸ்வென்சன் 1993-இல் விலகினார். 1995 நவம்பரில் ‘ஸ்லாட்டர்’ வெளிவந்தபோது அந்தச் சிடுக்குகள் எல்லாம் போய்விட்டிருந்தன. 11 தடங்கள், மொத்தமே ஏறத்தாழ 34 நிமிடங்கள். முதல் ஆல்பத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு இது இழப்பாகவே தோன்றும்.

எனக்கு அப்படித் தோன்றாததற்குக் காரணம், குறைத்தபின் எஞ்சியிருப்பதன் செறிவு. இவ்வகை இசையில் பாடகர் மெட்டைப் பாடுவதில்லை. ஆண்டர்ஸ் பியோர்லர், மார்ட்டின் லார்சன் ஆகிய இருவரின் கிட்டார்களே அதைச் சுமக்கின்றன. மூன்றாவது பாட்டான ‘கோல்ட்’டைக் கவனித்துக் கேளுங்கள். ‘கிங் டயமண்ட்’ குழுவின் ஆண்டி லாராக் விருந்தினராக வந்து வாசித்த தனி வாசிப்பு அதில் இருக்கிறது. அதுவரை மூச்சுவிடாமல் ஓடிய ஆல்பம் அந்தச் சில நொடிகளில் சட்டென்று விரிந்து, அத்தனை வேகத்துக்கும் அடியில் ஒரு துயரம் ஓடிக்கொண்டிருந்ததை நமக்குக் காட்டிவிடுகிறது. இரண்டு தடங்கள் தள்ளி, ‘இன்டு த டெட் ஸ்கை’ என்னும் குரலற்ற, அமைதியான கிட்டார் இசை வருகிறது. இந்த இரண்டையும் கேட்டபின் குழு நுணுக்கத்தை இழந்துவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். பின்பாதியில் ‘நாசியா’, ‘நீட்’ முதலிய பாட்டுகள் ஒரே மாதிரியான விரைவுத் தாளத்தில் அடுத்தடுத்து வருவதால், அவற்றைத் தனித்தனியே அடையாளம் கண்டுகொள்ள எனக்குப் பலமுறை கேட்க வேண்டியிருந்தது.

கேள்வி: பாடகர் தொடக்கம் முதல் இறுதிவரை கத்திக்கொண்டே இருக்கிறாரே, இதில் எதை ரசிப்பது?
– ஒரு வாசகி, கோவை

பதில்: டெத் மெட்டல் பாடகர்களில் பெரும்பாலோர் அடிவயிற்றிலிருந்து உறுமுவார்கள். இக்குழுவின் பாடகர் தோமஸ் லிண்ட்பெரியின் குரல் அதைவிட மேலே நின்று, கிழிந்துபோன தொண்டையிலிருந்து வருவதைப் போல ஒலிப்பது. உறுமலில் அச்சுறுத்தல் தெரியும்; இவருடைய குரலில் வலி தெரியும். முதல் முறை கேட்கும்போது பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சொற்களை அவர் எவ்வளவு தெளிவாகத் தாளத்தின் மீது அறைகிறார் என்பது நாலைந்து பாட்டுகளுக்குள் பிடிபட்டுவிடும். அவர் 2025 செப்டம்பரில் தம் 52-ஆம் வயதில் காலமானார். அச்செய்திக்குப் பின் இந்த ஆல்பத்தை முன்போல் என்னால் கேட்க முடியவில்லை.

கேள்வி: எனக்கு இந்த ஆல்பம் எங்கோ ஏற்கெனவே கேட்டது போலவே இருக்கிறது. குறை என் செவியிலா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தங்கள் செவி சரியாகவே கேட்கிறது. 2000-களில் அமெரிக்காவின் மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்க் இசையும் கலந்த வகை) குழுக்கள் பல, இந்த ஆல்பத்தின் கிட்டார் நடையைத் தங்கள் அடித்தளமாக்கிக்கொண்டன. அவற்றை முதலில் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு மூலமே நகல் போலத் தோன்றிவிடுகிறது. இக்குழுவோ ஆல்பம் வெளிவந்த மறு ஆண்டே, 1996-இல், கலைந்துவிட்டது. அடுத்த ஆல்பம் 2014-இல்தான் வந்தது. ஆகவே அதே நடையைத் தாங்களே திரும்பத் திரும்பச் செய்து சலிப்பூட்டிய பழி இவர்கள்மேல் விழாது. 1992-இன் முதல் ஆல்பத்தையும் இதையும் ஒரே நாளில், அந்த வரிசையிலேயே கேட்டுவிட்டு, தங்கள் கருத்தை எழுதுங்கள்.