டைட்டன் மூழ்கிய கதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மோர்கன் ராபர்ட்சன் 1898இல் எழுதிய ‘ஃபியூட்டிலிட்டி’ குறுநாவலில் டைட்டன் என்ற பெருங்கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்குகிறது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியது. கதை அதை முன்கூட்டியே சொல்லிவிட்டது என்பார்கள். இதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஒற்றுமை அவ்வளவு துல்லியமா?

டைட்டன் 800 அடி, டைட்டானிக் 882. உயிர்காப்புப் படகுகள் 24, 20. இரண்டும் மூழ்கவே மூழ்காது என்று பெயரெடுத்தவை. இந்தப் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். மிச்சத்தை யாரும் சொல்வதில்லை. டைட்டன் போனது நியூயார்க்கிலிருந்து இங்கிலாந்துக்கு; அது முதல் பயணமும் அல்ல. மூடுபனியில் ஒரு பாய்மரக் கப்பலை இரண்டாகப் பிளந்துவிட்டு நிற்காமல் ஓடுகிறது. பிறகு பனிப்பாறைச் சரிவில் ஏறி, பக்கவாட்டில் சாய்கிறது. டைட்டானிக்கோ தெளிந்த இரவில், பாறையை உரசி, இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் மூழ்கியது. ராபர்ட்சனின் கதாநாயகன் குடியால் கெட்ட முன்னாள் கடற்படை அதிகாரி. பனிப்பாறை மேல் துருவக்கரடியோடு கத்திச் சண்டை போடுகிறான். அந்தக் கரடியைப் பட்டியலில் சேர்த்தவரை நான் பார்த்ததில்லை.

எடைகூட ஒன்றுதானே? 45,000 டன், 46,000 டன்.

எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். 45,000 என்பது 1898 பதிப்பில். விபத்துக்குப் பிறகு 1912இல் வந்த பதிப்பில் அது 70,000 ஆகிவிட்டது. தவிர, டைட்டானிக்கின் 46,328 எடையே அல்ல. கப்பலின் உள்ளிடத்தை நூறு கன அடிக்கு ஒரு டன் என்று போடும் கணக்கு. டைட்டனுக்குச் சொன்னது இடப்பெயர்ச்சி எடை, அதாவது கப்பல் விலக்கும் நீரின் எடை. அந்த அளவில் டைட்டானிக் 52,000 டன்னைத் தாண்டும்.

அப்படியானால் விற்பனைக்காகத் திருத்திய மோசடிதானே?

மோசடிக்காரர் எண்ணை டைட்டானிக்கின் பக்கம் நகர்த்தியிருப்பார். இங்கே அது விலகிப் போயிருக்கிறது.

பெயர் எப்படிப் பொருந்தியது?

பெரிய கப்பலுக்குக் கிரேக்கப் புராண அரக்கர் பெயர். யாருக்கும் தோன்றக்கூடியது.

ராபர்ட்சன் ஞானதிருஷ்டி உள்ளவரா?

கப்பல் தலைவரின் மகன். தானும் வணிகக் கப்பல்களில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தவர். 1879இல் அரிசோனா என்ற பயணிகள் கப்பல் பனிப்பாறையில் நேராக மோதி, மூக்கு நசுங்கியும் கரை சேர்ந்தது. 10,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்கு 16 படகு போதும் என்பது 1894இன் பிரிட்டிஷ் விதி; கப்பல் நான்கு மடங்கு பெருத்தாலும் விதி பெருக்கவில்லை. டைட்டானிக் சட்டத்துக்கு மேல் நான்கு படகு வைத்திருந்தது. அப்படியும் சுமார் 2,200 பேருக்கு 1,178 இடம். துறைமுகத்தில் நின்று எண்ணத் தெரிந்தவருக்கு திருஷ்டி எதற்கு?

எடை ஒன்றுதான் என்று படித்தேனே?

பதிப்பு, ஐயா, பதிப்பு. மேலே இருக்கிறது.

ராபர்ட்சனை விடுங்கள். உண்மையான தீர்க்கதரிசி டபிள்யூ. டி. ஸ்டெட் அல்லவா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். பத்திரிகையாசிரியர் ஸ்டெட் 1886இல் ஒரு கதை எழுதினார்: அஞ்சல் கப்பல் மோதி மூழ்குகிறது, படகு போதாமல் பயணிகள் சாகிறார்கள். படகுக் குறைவோடு கப்பல்களை அனுப்பினால் இது நடக்கத்தான் செய்யும் என்று குறிப்பும் சேர்த்தார். 1892இல் இன்னொரு கதையில் பனிப்பாறையும் வந்தது. டைட்டானிக்கில் அவரும் இறந்தார். ராபர்ட்சனைவிட இவருக்கே என் ஓட்டு.

ஏற்க முடியாது. தெரிந்திருந்தால் ஏன் ஏறினார்? ஆவிகளோடு பேசியவர் வேறு!

நியூயார்க்கில் அமைதி மாநாட்டில் பேசப் போனார். அவர் எழுதியது தேதியை அல்ல, படகுப் பற்றாக்குறையை. ஆவி நம்பிக்கை அவருக்கு இருந்தது உண்மை. 1886இன் எச்சரிக்கைக்கு அது தேவைப்படவில்லை. ஏறக்கூடாது என்றால் அன்றைய அட்லாண்டிக் பெருங்கப்பல் எதிலுமே அவர் ஏறியிருக்க முடியாது. எல்லாவற்றிலும் அதே குறைதான்.

1941இல் ஜப்பான் நடத்திய பெர்ல் ஹார்பர் தாக்குதலையும் ராபர்ட்சன் முன்கூட்டியே எழுதினாராமே?

அவருடைய ‘பியாண்ட் த ஸ்பெக்ட்ரம்’ கதையைச் சொல்கிறீர்கள். அதில் ஜப்பானியர் வருகிறார்கள், கண்ணைக் குருடாக்கும் புறஊதா விளக்கோடு. படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.