‘வர்றோம் சிஸ்டர்’ என்றால் வருவார்களா?

கேள்வி: குன்னூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். பரம்பரையாகப் புற்றுநோய் வரக்கூடிய குடும்பங்களில், தொடர் பரிசோதனைக்கு வர எத்தனை பேருக்கு விருப்பம் என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் எல்லாரும் ‘வர்றோம் சிஸ்டர்’ என்கிறார்கள். மறு வருடம் பலரைக் காணோம். பொய் சொல்கிறார்களா? இதை எப்படித்தான் அளப்பது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: பொய் இல்லை சகோதரி. வைத்தியம் பார்க்கும் உங்கள் முகத்துக்கு நேரே ‘வரமாட்டேன்’ என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்?

எதற்கு வரச் சொல்கிறோம் என்பதை முதலில் முழுசாகச் சொல்லுங்கள். மார்பக, சினைப்பைப் புற்றுநோயைக் கொண்டுவரும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு உள்ள பெண்ணுக்கு 25 வயதிலிருந்து வருடாவருடம் மார்பக எம்.ஆர்.ஐ., 30-க்கு மேல் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயும் சேர்ந்துகொள்ளும். குடல் புற்றுநோயைக் கொண்டுவரும் லிஞ்ச் கோளாறு என்றால், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி. சிலருக்கு 20 வயதைத் தாண்டியதுமே. ஒரு நோவும் இல்லாதவர் ஆயுசுக்கும் இப்படி வந்துகொண்டிருப்பது லேசான காரியமா?

கொலோனோஸ்கோபியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வெறும் நீராகாரம். ராத்திரி லிட்டர் கணக்கில் பேதி மருந்து, மிச்சம் விடியற்காலை. பரிசோதனை கோவையில் என்றால், அந்த வயிற்றோடு பர்லியார் வளைவுகளில் பஸ்ஸில் இறங்க வேண்டும். நடுவில் எங்கே ஒதுங்குவது? மயக்க மருந்து கொடுப்பதால் துணைக்கு ஒருவர் வேண்டும். தோட்டத்தில் இரண்டு பேர் கூலி போச்சு. இதையெல்லாம் சொல்லாமல் வாங்கிய ‘சரி’யை நான் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள். உதாரணத்துக்கு, கோவையில் ஒரே நாளில் முடியும், ஆனால் கைக்காசு போகும். ஊட்டியில் செலவில்லை, ஆனால் மூன்று நடை. எதற்குப் போவீர்கள்? ‘இரண்டுக்கும் போகமாட்டேன்’ என்பதையும் தாளிலேயே அச்சடித்து வையுங்கள். பணம், தூரம், காத்திருப்பு மூன்றையும் கூட்டிக் குறைத்துப் பலமுறை கேட்டால், எந்த இடத்தில் மனசு பின்வாங்குகிறது என்று தெரிந்துவிடும். சுகாதாரப் பொருளாதார ஆய்வாளர்கள் இப்படித்தான் அளக்கிறார்கள். கேட்பது நீங்களாக இல்லாமல், சிகிச்சையோடு சம்பந்தமில்லாத ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது.

பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு ஊசியைவிட, ‘அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே இருக்கு’ என்று சம்பந்தம் தட்டிப்போகுமோ என்ற பயம்தான் பெரிது. இந்தக் கோளாறு அப்பா வழியிலும் வரும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதைத் தெரிந்தும் தாய்வீட்டுப் பழியாக அவள் தலையில் கட்டுகிறார்களே, அதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அண்ணன் தம்பிகளையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

எல்லா ‘மாட்டேன்’களும் அலட்சியம் ஆகிவிடாது. சினைப்பைப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க ஸ்கேனும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனையும் செய்தால் அந்த நோயால் வரும் இறப்பு குறைகிறதா என்று பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களிடம் பார்த்தார்கள். சாதாரணப் பெண்கள்தான், மரபணுக் கோளாறு பார்த்துச் சேர்த்தவர்கள் இல்லை. குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. விவரம் தெரிந்து ஒருத்தி அதற்கு வேண்டாம் என்றால், ‘விருப்பமில்லை’ என்று எழுதிவிடாதீர்கள், காரணத்தையும் எழுதுங்கள்.

முதல் வருட வருகையை வைத்து எதையும் முடிவு செய்யவேண்டாம். அப்போது பயமே கூட்டிவந்துவிடும். மூன்றாவது வருடத்துக்கும் தாளில் ஒரு கட்டம் போடுங்கள். வராதவருக்குப் போன் செய்து காரணம் கேட்டுக் குறியுங்கள். அடுத்த தேதியை அன்றைக்கே கையில் கொடுங்கள், ஜனவரி, பிப்ரவரியாகப் பார்த்து. பனியில் கொழுந்து குறைவு, லீவு கேட்பது சுலபம்.